தோழி மறுத்த தழை

திருக்கோவையாரைப் பிரித்தால் நான் முதலில் தேடுவது தோழியைத்தான். மாணிக்கவாசகரின் இந்த 400 பாடல்களில், கண்ணும் கண்ணும் கலப்பதில் தொடங்கி மடல், உடன்போக்கு, ஊடல் என்று காதல் அகமரபின் வழியே நடக்கிறது. பாட்டுக்குப் பாட்டு தில்லை அம்பலத்தானான சிவனும் வந்துவிடுவான். ஆனால் அவன் பாட்டுடைத் தலைவன், காதலிப்பவன் வேறொருவன்.

சைவ மரபில் ஒரு வாசிப்பு உண்டு: காதலிக்கும் தலைவன் உயிர், தலைவி சிவம், தோழி திருவருள். ஆழ்வார் பாடல்களில் பெண்ணாகி ஏங்கும் உயிர், இங்கே ஆணாகித் தினைப்புனத்தைச் சுற்றிவருகிறது. எத்தனை அழகான மாற்றம்! ஆனாலும், தலைவிக்காக அவன் ஆசையாகக் கொண்டுவந்த தழையைத் தோழி வாங்க மறுக்கும் இடம் வந்தால் எனக்குத் திருவருள் மறந்துபோகிறது. கையில் தழை வாடவாட நிற்கும் அந்த இளைஞன் மட்டுமே தெரிகிறான்.