பாதுகாவலர் சான்றும் பாதுகாக்கப்படுவோரும்

பதினெட்டு வயது பூர்த்தியானதும் எந்தப் பிள்ளையும் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் பிரஜையாகிவிடுகிறான் என்ற விதி சாதாரணக் குடும்பங்களில் சந்தோஷத்துக்குரியது. ஆனால் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்த மகனை வளர்த்து ஆளாக்கிய திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளிக்கும், எடப்பாடியில் விசைத்தறி ஓட்டும் தாய்க்கும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கும் அதே விதி, நேற்றுவரை தங்களுக்கிருந்த கையெழுத்து பாத்தியதையை இன்று பறித்துக்கொள்வதாகவே வந்து சேர்கிறது. வங்கிக் கணக்குக்கும், தகப்பன் காலமானபின் குடும்ப ஓய்வூதியத்துக்கும், பூர்வீக நிலத்தின் பாகத்துக்கும் சட்டப்படியான பாதுகாவலர் யார் என்று கேட்கப்படும்போதுதான், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ளூர் நிலைக் குழு என்று ஒன்றிருப்பதைப் பலர் அறிகிறார்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலையினருக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் தோற்றுவித்த குழு அது. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற தொண்டு ஸ்தாபனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் அதில் இருத்தல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அது கூடவேண்டும். இந்த ஏற்பாட்டின் அருமை, அதற்கு முந்திய ஸ்திதியை நினைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சாட்சிகளையும் வக்கீலையும் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை சித்தசுவாதீனமற்றவன் என்று பெற்றவர்களே ஜில்லா நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை ரத்து செய்தது. ஆயினும் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோயின் இலக்கணத்திலிருந்து அது விலக்கிவிட்டபடியால், வயது வந்த அப்பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் தேடும் எளிய வாசல் சில ஆண்டுக் காலம் அடைபட்டே கிடந்தது. அந்த வாசலைத் திறந்து, நீதிமன்றக் கட்டணமும் வாய்தாவும் இல்லாமல், கூலியை இழந்து அலைய முடியாத குடும்பத்துக்கும் எட்டும் தூரத்தில் நீதியைக் கொண்டுவந்து வைத்தது 1999-ஆம் ஆண்டுச் சட்டமே. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்திராவிட்டால், காவிரிக் கரைப் பள்ளிபாளையத்தாரும் இதற்காகச் சேலத்துக்கே போகவேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவு நன்மை செய்த ஏற்பாட்டைக் குறை கூறத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எனினும் குறை உண்டு, அது சிறியதுமன்று. விண்ணப்பம் வந்ததும் இரண்டு கேள்விகளைக் குழு ஆராயவேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு: இந்த மனிதருக்குப் பாதுகாவலர் அவசியந்தானா? அவசியமானால் எந்தக் காரியங்களுக்கு? சட்டத்தின் ஜீவன் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்க மட்டுமே ஒரு கை தேவைப்படும் இடத்தில், உண்பது, உறங்குவது, யாரோடு வாழ்வது, எதை விற்பது என்ற அனைத்தையும் ஆயுள் முழுமைக்கும் அந்தக் கையிலேயே ஒப்படைத்துவிட்டால், உதவி என்ற பெயரால் ஒரு மனிதரின் குடிமையே கரைந்துபோகிறது. இந்தச் சட்டமோ பாதுகாவலர் பதவிக்குக் காலவரையறை எதையும் விதிக்கவில்லை.

கணக்குப் போடத் தெரியாத ஒரு பெண்ணுக்கு, தன் அக்காள் வீட்டில் இருக்கப் பிரியமா, அண்ணன் வீட்டில் இருக்கப் பிரியமா என்பது நன்றாகவே தெரியும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே, பெரும்பாலும் சித்தம் தெளியாதிருப்பவரும் தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டது. 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய ஒரு பெண் தன் கருவைச் சுமக்க விரும்பியபோது, அவளுடைய சம்மதமின்றி அதைக் கலைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பாதுகாவல் என்பது குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட தீர்மானத்துக்கும் உட்பட்டு, பாதுகாக்கப்படுபவரின் சித்தப்படியே இருவரும் கலந்து முடிவெடுக்கும் முறை என்று வகுத்ததுடன், வேறு எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரம்புக்குட்பட்டவராகவே கருதப்படுவார் என்றும் விதித்தது. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தில் சான்று பெற்ற ஒவ்வொருவரும் இன்று வரம்புக்குட்பட்ட பாதுகாவலரே. இதைச் சான்றுதாரருக்கும், வங்கி மேலாளருக்கும், சார்பதிவாளருக்கும் எடுத்துச் சொல்லும் வேலையை யாரும் தம் கடமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிலமும் கிணறும் தறிப்பட்டறையும் அண்ணன் தம்பிகளுக்குள் பிரியும் இப்பிரதேசத்தில் இந்த மௌனம் அபாயகரமானது. பாகப்பிரிவினையில் பங்காளியாக நிற்கும் சகோதரனே, வாய் பேசாத தம்பிக்குப் பாதுகாவலனாகவும் நிற்கக்கூடும். பாசத்தையும் லாபத்தையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நியாயம் பிசகாமல் நடப்போர் உண்டு, எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது விவேகமாகாது. மைனரின் அசையாச் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று இந்து மைனர் சட்டம் தடையிட்டிருக்க, வயது வந்த இவர்களுடைய சொத்துக்கு அவ்விதத் தெளிவான தடையை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைக்கவில்லை.

மனச்சிதைவு போன்ற மனநோய்க்கு ஆளானவர்களோ இந்தக் குழுவின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். 2018-இல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கவும், தமக்கு நம்பகமான பிரதிநிதியை நியமித்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை தந்தது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டபடியே தீயில் மாண்டோரை நினைப்பவர்கள் அதை வணங்கி வரவேற்பார்கள். ஆனால் சொத்தை நிர்வகிக்க ஜில்லா நீதிமன்றத்தில் பாதுகாவலர் பெறும் பழைய ஏற்பாட்டுக்கு ஈடான ஒன்றை அது வைக்கவில்லை.

பாதுகாவலர் முறையையே ஒழித்துவிடலாம் என்போரும் உண்டு; பெரு நாடு 2018-இல் ஏறத்தாழ அதைச் செய்தது. அங்ஙனம் இங்கே செய்தால், துணைநிற்கும் ஸ்தாபனங்கள் வேரூன்றுவதற்கு முன்பே பெற்றோரின் கையில் இருக்கும் ஒரே காகிதமும் பறிபோகும் என்பதே என் அபிப்பிராயம். முறை இருக்கட்டும், அதற்குக் கண்காணிப்பு வேண்டும். நியமனம் பெற்ற 6 மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் கணக்கையும் பாதுகாவலர் சமர்ப்பிக்கவேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. கணக்குத் தராதவரைக் குழுவே தேடிச்சென்று கேட்டாலன்றி இந்தப் பிரிவுக்கு உயிரில்லை. கொடுமை செய்யும் அல்லது சொத்தை அபகரிக்கும் பாதுகாவலரை நீக்க 17-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆயினும் விண்ணப்பிக்கும் உரிமையைப் பெற்றோருக்கும் உறவினருக்கும் பதிவு பெற்ற ஸ்தாபனத்துக்கும் தந்த அப்பிரிவு, துன்பப்படுகிறவரைக் குறிப்பிடவேயில்லை. அந்த வாயில்லாதவருக்கு வாயாக, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. குழு வழங்கும் ஒவ்வொரு சான்றின் நகலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஒரு சட்டத் தன்னார்வலர் ஆண்டுக்கொரு முறை அந்த வீட்டுக்குச் சென்று, பாதுகாவலர் உடனில்லாத வேளையில் அந்த மனிதரையே சந்தித்து, அவருக்கு என்ன விருப்பம், என்ன வருத்தம் என்று கேட்டு எழுதி வருவாரானால், இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆட்சியரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் கலந்து ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும்.