சராசரியின்மேல் எழுந்த உடன்படிக்கை: கங்கை நீர்ப் பகிர்வு (1996) – ஒரு மறுவாசிப்பு

இந்தியாவும் வங்காளதேசமும் 1996 டிசம்பர் 12ஆம் நாள் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கையின் காலம் முப்பதாண்டுகள். 2026 டிசம்பரில் அது முடிவடைகிறது. புதுப்பித்தல் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எந்நாட்டிற்கு எவ்வளவு நீர் என்ற வினாவோடு நின்றுவிடுகின்றன. உடன்படிக்கையின் வாசகம் ஆற்றை எத்தகையதாகக் கருதிக்கொண்டது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும்.

ஃபரக்கா அணையில் சனவரி 1 முதல் மே 31 வரை, பத்து நாள்களுக்கு ஒருமுறை நீர் பகிரப்படுகிறது. வரத்து வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாயின் இரு நாடுகளுக்கும் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரை வங்காளதேசத்திற்கு 35,000, எஞ்சியது இந்தியாவிற்கு. அதற்கு மேற்படின் இந்தியாவிற்கு 40,000, எஞ்சியது வங்காளதேசத்திற்கு. இணைப்பு அட்டவணையின் எண்கள் 1949 முதல் 1988 வரையிலான நாற்பதாண்டுச் சராசரியிலிருந்து பெறப்பட்டவை. கடந்தகாலச் சராசரியே எதிர்காலத்திற்கும் பொருந்தும் என்பது இங்கே சொல்லப்படாத முற்கோள்.

சராசரியைப் புதுப்பித்தாலே போதும் என்னும் கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அது முழுமையான தீர்வன்று. சரிபாதி விதி எந்தச் சராசரியையும் சார்ந்ததன்று. வரத்து குறையக் குறைய இழப்பையும் சமமாகப் பகிர்ந்தளிக்கும் நெகிழ்வு அதில் இயல்பாகவே உண்டு. (பற்றாக்குறை ஆண்டுகளில் பங்குகளை விகிதப்படி குறைக்கச் சொல்லும் 2007ஆம் ஆண்டுக் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பின் தருக்கமும் இத்தகையதே.) இந்நெகிழ்வைக் குலைப்பது உடன்படிக்கையின் மற்றொரு நிபந்தனை. மார்ச் 11 முதல் மே 10 வரையிலான ஆறு பத்து நாள் கட்டங்களில், ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றில் ஒரு நாட்டிற்கும் ஏனைய மூன்றில் மற்றதற்கும் 35,000 கன அடி உறுதியளிக்கப்படுகிறது. வரத்து 50,000 ஆக இருக்கும் ஒரு கட்டத்தில் சரிபாதி விதிப்படி 25,000 பெறவேண்டிய நாடு 15,000 மட்டுமே பெறும். அடுத்த கட்டத்தில் அது ஈடுசெய்யப்படலாம். பாசனத்தை எதிர்நோக்கும் போரோ நெற்பயிரும், கோராய் ஆற்றின் வழியே வரும் நன்னீரைக் கொண்டு கடலுப்பைத் தடுத்துநிற்கும் தென்மேற்கு வங்காளதேசமும் அதுவரை காத்திருக்க இயலா.

வரத்து 50,000க்கும் கீழே சென்றால் இரு அரசுகளும் உடனடியாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே உடன்படிக்கை தரும் வழி. கால வரம்பு இல்லை. ஆலோசனை முடியும்வரை பின்பற்றவேண்டிய விதியும் இல்லை. மறுஆய்வின்பின் உடன்பாடு எட்டப்படாத நிலைக்கோ, வங்காளதேசப் பங்கில் 90 விழுக்காட்டிற்குக் குறையாமல் திறந்துவிட வேண்டும் எனப் பதினோராம் பிரிவு தெளிவாக வரையறுக்கிறது. இடைக்கால விதியின் தேவையை அறிந்திருந்த வரைவாளர்கள், வறட்சி முற்றும் தருணத்திற்கு மட்டும் அதனை வழங்காமல் விட்டது வியப்பிற்குரியது. முதற்பருவமான 1997 கோடையிலேயே வரத்து சரிந்து சர்ச்சை எழுந்தது.

வெள்ளத்தின் நிலை இதனினும் மோசம். முன்னுரையில் வெள்ள மேலாண்மை என்ற சொல் இடம்பெறுகிறது. கட்டுப்படுத்தும் பிரிவுகள் எதிலும் இல்லை. ஆண்டின் எஞ்சிய ஏழு மாதங்கள் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. வங்காளதேசத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலப்பரப்பை மூழ்கடித்த 1998 வெள்ளம் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே நேர்ந்தது. 2016 வெள்ளத்தின்போது, வண்டல் படிவிற்கு ஃபரக்காவே காரணம் எனக் கூறி அணையை அகற்றுமாறு பீகார் முதலமைச்சர் நிதிஷ் குமார் கோரினார். கீழ்ப்படுகை நாட்டின் முறையீடாகவே அறியப்பட்ட ஃபரக்கா, அவ்வாண்டில் மேற்படுகை மாநிலம் ஒன்றின் முறையீடாகவும் ஆயிற்று. இருதரப்பு வாசகத்தில் அம்மாநிலத்திற்கு இடமில்லை.

கோடைக்கால வரத்தைப் பெருக்க இரு அரசுகளும் ஒத்துழைக்க வேண்டும் என எட்டாம் பிரிவு கூறுகிறது. அவ்வரத்தின் பெரும்பங்கைத் தரும் கோசி, கண்டகி, கர்ணாலி ஆகியன நேபாளத்தின் வழியே வருபவை. நேபாளம் இவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பன்று.