சரிவில் ஒரு 'டக்'

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட் வாசலில் சின்னதாக ஒரு சரிவு உண்டு. ரோடு மேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர, வீடு தாழ்ந்துபோனதன் பலன். அந்தச் சரிவில் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தும் அழகை, எப்போதாவது வரும் எங்கள் ஆக்டிங் டிரைவர் அண்ணனிடம்தான் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்து முழுசாக நிறுத்துவார். லீவரை நியூட்ரலான 'என்'னில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கர்ரென்று இழுப்பார். பிறகு காலை மெல்ல எடுப்பார். வண்டி ஓர் அங்குலம் அசைந்து, யானை உட்காருவதுபோல அந்தப் பிடியில் அமரும். அப்புறம்தான் மறுபடி பிரேக், பார்க்கிங்குக்கான 'பி'. பூப்போல ஒரு 'டக்'.

கியர்பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழும் ஓசை அது. நான் அவசரத்தில் நேரே 'பி' போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். மொத்த வண்டியும் அந்த நாக்கில் தொங்கும். காலையில் லீவரை எடுக்கும்போது 'டொக்'கென்று கார் குலுங்க, எதிர் பால்கனியில் காபி குடிக்கிற மாமி திரும்பிப் பார்ப்பார். "பாரத்த ஹேண்ட் பிரேக்குக்குக் குடுங்க சார், 'பி'க்குக் காவல் வேலை மட்டும் போதும்" என்பார் அண்ணன். இதற்கெல்லாம் கூடுதலாக ஆவது நாலைந்து விநாடி. எஞ்சினை அணைத்த பிறகும், கதவைத் திறக்குமுன் லீவர் 'பி'யில்தான் இருக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்வார். நீங்களும் பாருங்கள்.