வீட்டு விலையும் பதிப்புரிமையும்: ரொறன்ரோத் தீர்ப்பு பற்றிய ஒரு நோக்கு

வீடொன்று விற்பனைக்கு வரும்பொழுது அதன் முகவரி, காணியின் பரப்பு, அறைகளின் தொகை, கேட்கப்படும் விலை என்பன ஒரு படிவத்தில் நிரப்பப்படுகின்றன. சில நிழற்படங்களும், வாங்குவோரின் மனத்தைக் கவரும் வண்ணம் எழுதப்பட்ட நாலைந்து வாக்கியங்களும் அவற்றுடன் சேர்கின்றன. இவ்வாறு உருவாகும் விளம்பரத்தில் எது ஒருவரது ஆக்கம், எது எவருக்கும் உரித்தாகாத வெறுந் தகவல் என்னும் வினா, சட்டத்தரணிகள் மயிர்பிளக்க வாதிடுவதற்கென்றே பிறந்த வினாபோலத் தோன்றலாம். ஆயினும் கனடாவின் ரொறன்ரோ நகரில் 2011ஆம் ஆண்டு தொடக்கம் 2018ஆம் ஆண்டு வரை நடைபெற்ற வழக்கை நோக்குமிடத்து, இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே ஒரு பெருஞ் சந்தையின் வாசல் திறப்பதும் மூடுவதும் தங்கியுள்ளது என்பது புலனாகும்.

வழக்கின் எதிராளி ரொறன்ரோ ஆதனத் தரகர் சபை. 40,000இற்கு மேற்பட்ட தரகர்களையும் விற்பனை முகவர்களையும் உறுப்பினராகக் கொண்டிருந்த அச்சபை, எம்.எல்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் பொதுப் பட்டியல் முறையை நடத்திவந்தது. ஒரு தரகர் தம்மிடம் வந்த வீட்டின் விபரங்களை அதிற் பதிவுசெய்ய, ஏனைய தரகர் அனைவரும் அவற்றைக் காண்பர். வீடு விலைபோனதும் அவ்விலையும் அங்கேயே பதியப்படும். எனவே அப்பட்டியலைப் பார்க்கவியலாத தரகர் அந்நகரிலே தொழில் நடத்துதல் அரிது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ஸ்காபரோவும் மார்க்கமும் இச்சபையின் எல்லைக்குள்ளேயே அடங்குவன. அவர்களுட் பலருக்கு வீடு வாங்குதல் என்பது வாழ்நாளிற் செய்யும் மிகப்பெரிய கொடுக்கல்வாங்கலாகும் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இணையத்தின் வழியே தம் வாடிக்கையாளருக்குச் சேவை வழங்க முற்பட்ட புதிய தரகர்கள் ‘மெய்நிகர் அலுவலகம்’ எனப்படும் தளங்களை அமைத்தனர். வாடிக்கையாளர் கடவுச்சொல்லுடன் அதனுட் புகுந்து பட்டியலைத் தாமே ஆராயலாம். இதற்கெனச் சபை 2011இல் விதிகளை வகுத்தபொழுது, சில விபரங்களை மட்டும் அத்தளங்களுக்கு வழங்க மறுத்தது. விற்கப்பட்ட வீடுகளின் விலை, விற்பனையாகாது மீளப்பெறப்பட்ட விளம்பரங்கள், வாங்குவோரின் தரகருக்கு வழங்கப்படும் தரகுப்பணம் என்பனவே அவை. வேடிக்கை யாதெனில், இவ்விபரங்கள் எவையும் இரகசியமானவையல்ல. ஒரு தரகர் அவற்றைத் தம் வாடிக்கையாளருக்குக் கையிற் கொடுக்கலாம், தொலைநகலில் அனுப்பலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். தளத்திலே காட்டுவது மட்டுமே குற்றம்!

மாட்டுச் சந்தையிலே துண்டினாற் கையை மூடி, விரல்களைத் தொட்டு விலைபேசும் தரகர் வழக்கத்தைத் தமிழர் அறிவர். பக்கத்தில் நிற்பவன் விலையை அறியாதிருப்பதிலேதான் அத்தரகின் பலம் தங்கியுள்ளது. ரொறன்ரோச் சபையின் விதியும் அத்தகையதே. கேட்கப்படும் விலை ஊரறிய விளம்பரமாகும். கொடுக்கப்பட்ட விலையோ துண்டுக்குள் மறையும். அதனை அறியவேண்டின் ஒவ்வொரு முறையும் ஒரு தரகரை நாடவேண்டும்.

கனடாவின் போட்டி ஆணையாளர் 2011இல் இவ்விதிக்கெதிராகப் போட்டி நியாயசபையை நாடினார். சபை தானே வீடு விற்பதில்லை, ஆகவே தன் உறுப்பினருக்கு அது போட்டியாளருமல்ல என்னும் காரணத்தால் 2013இல் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அக்காரணத்தை ஏற்க மறுத்து வழக்கைத் திருப்பியனுப்பியது. சபை தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்திற்று என 2016இல் நியாயசபை முடிவுசெய்ய, 2017 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. மேலும் முறையிடுவதற்குக் கனடாவின் உயர் நீதிமன்றம் 2018 ஓகஸ்டில் அனுமதி மறுத்ததோடு வழக்கு முடிவுற்றது.

சபை எழுப்பிய எதிர்வாதங்களுள் பதிப்புரிமை பற்றியதே ஆராய்ச்சிக்குரியது. பட்டியல் தனது புலமைச் சொத்து என்றும், சொத்தை யாருக்கு எவ்வாறு வழங்குவது என்பது சொத்துடையவனின் விருப்பம் என்றும் அது வாதிட்டது. நீதிமன்றம் இதனை மறுத்தது. கனடாவில் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி, ஒரு தொகுப்புக்குப் பதிப்புரிமை கிடைக்கவேண்டுமாயின் அதிலே திறமையும் தெரிவும் வெளிப்படல் வேண்டும். இயந்திரப் பாங்கான செயல் போதாது. தரகர் விபரத்தைப் பதிந்தவுடன் அது பட்டியலிலே தோன்றிவிடுகின்றது. இடையில் எவரும் தெரிந்ததுமில்லை, சீர்தூக்கியதுமில்லை. ஆகவே அது வெறும் இயந்திரச் செயலே என நீதிமன்றம் கருதிற்று.

முடிவு சரியானதெனினும், அதற்குக் கூறப்பட்ட இக்காரணம் முழுமையான நிறைவைத் தருவதாக இல்லை. விபரம் எவ்வளவு விரைவாகப் பட்டியலை அடைகின்றது என்பதைக்கொண்டு தொகுப்பின் தன்மையை அளவிடுதல் பொருந்துமா? தெரிவு என்பது பதியும் வேளையில் நிகழவேண்டுமென்பதில்லை. எவ்விபரங்களைக் கேட்பது, எவ்வகையாக அவற்றைப் பகுப்பது எனப் படிவத்தை வகுத்த வேளையிலேயே அது நிகழ்ந்திருக்கலாம். அப்படிவத்தை வகுத்தோரின் உழைப்பைத் தீர்ப்பு போதிய அளவு எடைபோடவில்லை. ஆயினும் அவ்வுழைப்பை ஒப்புக்கொண்டாலும் சபைக்கு வெற்றி கிட்டியிராது. படிவம் சபையின் ஆக்கமாகலாம். அதன் ஒரு கூட்டினுள் எழுதப்பட்ட விலை ஆக்கமாகாது. ஒரு வீடு இன்ன நாளில் இன்ன விலைக்கு விற்கப்பட்டது என்பது நிகழ்ந்த செய்தி. அதனை எவரும் படைக்கவில்லை.

இவ்வேறுபாட்டை 1991இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் தெளிவாக நிறுவியிருந்தது. கன்சாஸ் மாநிலத்தின் கிராமியத் தொலைபேசி நிறுவனமொன்று வெளியிட்ட பெயர்ப்பட்டியலிலிருந்து 1,309 பதிவுகளை ‘ஃபைஸ்ற்’ என்னும் வெளியீட்டு நிறுவனம் எடுத்தாண்டது. திருட்டைப் பிடிப்பதற்கென்றே முன்னதிற் சேர்க்கப்பட்டிருந்த பொய்ப் பதிவுகள் நான்கும் அவற்றுள் அகப்பட்டன. இருந்தும் நிறுவனம் தோற்றது. நெற்றி வியர்வை சிந்தித் திரட்டினார் என்பதனால் மட்டும் செய்திகள் ஒருவருக்கு உடைமையாவதில்லை. அகரவரிசையில் அடுக்குவது ஆக்கமுமாகாது என நீதியரசி ஓ’கொனர் எழுதினார். ரொறன்ரோ நீதிமன்றமும் இத்தளத்தில் நின்று வாதித்திருப்பின் அதன் தீர்ப்பு இன்னும் உறுதியுடையதாயிருந்திருக்கும்.

தீர்ப்பின் உண்மையான வலிமை அதன் மற்றைய கிளையிலேயே உள்ளது. புலமைச் சொத்துரிமையைப் பயன்படுத்துவது மட்டும் போட்டிக்கு விரோதமான செயலாகாது எனக் கனடாவின் போட்டிச் சட்டம் விலக்களித்திருந்தது. நீதிமன்றம் ‘மட்டும்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டது. உரிமை உண்டென வைத்துக்கொண்டாலும், அதனை வழங்கும்பொழுது போட்டியை நெரிக்கும் நிபந்தனைகளைப் பிணைப்பின், அது உரிமையைப் பயன்படுத்துவது மட்டுமன்று என அது விளக்கிற்று. பதிப்புரிமை ஆக்கியோனைக் காப்பதற்கு எழுந்த ஏற்பாடு. ஒரு தொழிற்குழு தன் பழைய முறைக்கு வேலியிடுவதற்கு எழுந்ததன்று. இந்நோக்கு வீட்டுப் பட்டியலுக்கு அப்பாலும் செல்லத்தக்கது.

அந்தரங்கம் பற்றிய சபையின் வாதத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. தம் வீடு என்ன விலைக்குப் போனது என்பதை ஊரார் அறிவதை விரும்பாதார் உண்டு. ஆனால் விதியை வகுத்த காலத்தில் அக்கவலையே சபையை உந்தியது என்பதற்குப் போதிய சான்று நியாயசபைக்குக் கிட்டவில்லை. தொலைநகலில் நீங்காத அந்தரங்கம் திரையில் மட்டும் நீங்கிவிடும் என்பதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று.

விலை நிற்க, நிழற்படத்தின் நிலை வேறு. வெளிச்சம், கோணம், பொழுது என்பவற்றைத் தெரிந்தெடுத்தவர் ஒருவர் அதற்குப் பின்னால் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2011இல் தீர்க்கப்பட்ட ‘செஞ்சுரி 21’ வழக்கில், ‘சூக்காசா’ என்னும் தளம் பிறரது விளம்பரங்களின் படங்களையும் வருணனைகளையும் எடுத்தாண்டமைக்காக, அவற்றுக்கு உரித்துடைய முகவர்களுக்கு 32,000 டொலர் வழங்கப்பட்டது. நிறுவனத்தின் தள நிபந்தனைகளை மீறியமைக்கோ வெறும் 1,000 டொலரே கிடைத்தது. ஆக்கத்துக்கு ஒரு மதிப்பும் வேலிக்கு இன்னொரு மதிப்பும் இடப்பட்ட இவ்வழக்கு ரொறன்ரோத் தீர்ப்புடன் சேர்த்து வாசிக்கத்தக்கது.

எனினும் படத்தின் உரிமை படமெடுத்தோரிடமே நிலைப்பதில்லை என்பதே இங்கு கவனிக்கவேண்டிய உண்மை. அமெரிக்காவின் நான்காம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அளித்த தீர்ப்பொன்றின்படி, படத்தைப் பட்டியலில் ஏற்றுபவர் இணையத்திலே நிபந்தனைகளை ஏற்று ஒருமுறை பொத்தானை அழுத்துவதே பதிப்புரிமையைப் பட்டியல் நடத்துவோருக்கு எழுத்திற் கைமாற்றியதாகும். இவ்வாறு ஆயிரமாயிரம் சிறு உரிமைகள் ஓரிடத்திற் குவிகின்றன. குவிந்தபின் அவை படங்களைக் காப்பதோடு நில்லாது சந்தையையும் காக்கத் தொடங்குகின்றன.

வணிகக் கட்டடங்களின் விபரங்களை விற்கும் ‘கோஸ்ரார்’ நிறுவனத்தின் வரலாறு இதற்கு உதாரணமாகும். அது 2012இல் தன் போட்டியாளரான ‘லூப்நெற்’றை வாங்கியபொழுது, போட்டி அழிந்துவிடாதிருக்க, லூப்நெற் பங்குகொண்டிருந்த ‘எக்செலிஜென்ற்’ என்னும் சிறு நிறுவனத்தின் பங்கை விற்றுவிடுமாறு அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு பணித்தது. அச்சிறு நிறுவனம் தன் படங்களைக் களவாடியதாகக் கோஸ்ரார் 2016இல் வழக்கிட்டது. அடுத்த ஆண்டே எக்செலிஜென்ற் வங்குரோத்தாயிற்று. 2019இல் 50 கோடி டொலருக்கு அதன்மேல் தீர்ப்பும் பதிவாயிற்று. பிறர் படங்களைக் களவாடுதல் குற்றமே. ஆனால் போட்டிச் சட்டம் ஒரு கையால் நட்ட கன்று பதிப்புரிமை வழக்கொன்றின் நடுவே பட்டுப்போனமையை வெறும் தற்செயல் எனக் கூறிக் கடந்துவிட இயலாது. கோஸ்ரார் 2020இல் ‘கிரெக்சி’ மீதும் அத்தகைய வழக்கைத் தொடுத்தது. கிரெக்சியோ, கோஸ்ராரே ஏகபோகத்தை நாடுகின்றது என எதிர்வழக்கிட்டது. கீழ் நீதிமன்றம் தள்ளிய அவ்வெதிர்வழக்குக்கு ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூனில் மீண்டும் உயிரளித்தது. தரகர் தம் சொந்த விளம்பரங்களைப் போட்டியாளரிடம் கொண்டுசெல்லாவண்ணம் கோஸ்ரார் தடுத்ததா என்பதே அங்கு எழுந்த பிரச்சினைகளுள் முக்கியமானது. ரொறன்ரோவில் எழுந்த வினா, இம்முறை தரகர் சங்கத்துக்குப் பதிலாகத் தனியொரு பெரு நிறுவனத்தை நோக்கி எழுந்துள்ளது எனலாம்.

ரொறன்ரோவில் வென்றவர் யார் என்பதையும் மிகைப்படுத்தலாகாது. போட்டி குன்றியதால் விளைந்த கேடு புதிய சேவைகள் தோன்றாமையிலும் சேவையின் தரத்திலுமே பெரிதும் காணப்பட்டது. தீர்ப்பினாற் கதவு திறக்கப்பட்டதும் பொதுமக்களுக்கு நேராக அன்று. தளம் நடத்தும் தரகருக்கே. விற்ற விலையைக் காண விரும்பும் குடும்பம் இன்னமும் ஒரு தரகரின் தளத்திற் பெயரைப் பதிந்து, கடவுச்சொல் பெற்று, அவரது வாடிக்கையாளராகியே உட்புகவேண்டும். துண்டு விலக்கப்பட்டது; ஆயினும் சந்தைக்குள் நுழைவதற்கான சீட்டு தரகரின் கையிலேயே இருக்கின்றது.