வரம் கொடுக்கும் தெய்வங்களும் வாங்கும் சாமர்த்தியமும்

அமெரிக்காவின் சூப்பர்ஜயண்ட் கேம்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் முழு வடிவில் வெளியிட்ட 'ஹேடீஸ்' என்னும் விளையாட்டில், பாதாள லோகத்து அதிபதியின் புதல்வனாகிய ஸாக்ரியஸ் தந்தையின் ஆதிக்கத்திலிருந்து தப்பி மேலுலகம் சேர முயல்கிறான். ஒலிம்பஸ் மலையில் வாசம் செய்யும் உறவினரான தேவர்கள் வழிநெடுக அவனுக்கு வரங்களை அருளுகிறார்கள். அதன் சங்கீதத்தையும் சித்திரங்களையும் பலர் போதுமான அளவு புகழ்ந்துவிட்டபடியால், அதன் ஜீவநாடியாக எனக்குப் படும் வர விஷயத்தை மாத்திரம் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

ஒரு தெய்வம் பிரசன்னமாகும்போது பெரும்பாலும் மூன்று வரங்களை நீட்டும், எடுக்கக்கூடியது ஒன்றே. சாதாரண அடி, விசேஷத் தாக்குதல், எறிதல், பாய்ந்து விலகுதல், தெய்வத்தைத் துணைக்கு அழைத்தல் என்ற ஐந்து ஸ்தானங்களிலும் ஸ்தானத்துக்கு ஒரு தெய்வமே அமர முடியுமாதலால், எதை வாங்குவது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய யோசனையாகிறது. ஸீயஸின் மின்னல் ஒருவனைத் தாக்கி அடுத்தவனுக்கும் தாவும். போசைடனின் அலை எதிரியைச் சுவரில் மோதத் தள்ளும். டயோனிசஸ் ஊட்டும் மதுமயக்கம் மெல்ல மெல்ல உயிரை அரிக்கும். சேர்க்கை அறியாமல் கண்டதையெல்லாம் வாங்கியவன், கடைசியில் தந்தையை எதிர்க்கும் தருணத்தில் திணறியே போவான்.

ஏரீஸின் வரத்தைச் சாதாரண அடியில் வைத்தால், அடிபட்டவன்மேல் ஒரு சாபம் தங்கி, ஒரு விநாடிக்குச் சற்று மேற்பட்ட தாமதத்துக்குப் பின் வெடிக்கும். அதீனாவின் வரத்தை விசேஷத் தாக்குதலில் வைத்தால், எதிரி எய்த பாணங்கள் அவனையே நோக்கித் திரும்பும். இவ்விரண்டும் கைவசமிருந்து அதிர்ஷ்டமும் கூடினால், இருவரும் சேர்ந்தருளும் கூட்டு வரமொன்று கிட்டுகிறது. அதன்பின் அதீனாவின் வீச்சுப் பட்ட கணமே ஏரீஸின் சாபம் காத்திராமல் வெடிக்க, அடியும் வீச்சும் மாறி மாறி விழும் அந்த லயம் கைக்குப் பழகிவிட்டால் வேறு ஆயுதப் பிரயோகம் எதுவும் ருசிப்பதில்லை.

எல்லாமே அதிர்ஷ்டமா என்றால், இல்லை. ஒரு புட்டி அமிர்தத்தைக் காணிக்கை கொடுத்தால் அதீனா தரும் ஆந்தைப் பதக்கத்தை அணிந்து புறப்பட்டால், அடுத்துக் கிடைக்கும் வரம் அவளுடையதாகவே இருக்கும். கேயாஸ் என்னும் ஆதி தெய்வத்தின் வாசலிலோ உயிரில் ஒரு பங்கைக் கொடுத்து உள்ளே நுழைந்து, சில அறைகள் வரை ஒரு சாபத்தைச் சுமந்த பிறகே வரம் பலிக்கும். இரண்டு தெய்வங்களின் வரங்கள் ஒரே அறையில் வைக்கப்பட்டிருக்கும் சோதனை இன்னும் ரசமானது: ஒருவரை எடுத்ததும் மற்றவர், கல்யாணப் பத்திரிகை தமக்குப் பிந்தி வந்த பெரியப்பாவைப் போலச் சினந்து தாக்குவார், தாக்குப்பிடித்தால் சமாதானமாகித் தம் வரத்தையும் தந்துவிடுவார்.

குறையும் உண்டு. எந்தக் கூட்டு வரத்துக்கு எவையெவை முன்தேவை என்ற விவரம் ஆரம்பத்தில் மறைந்தே இருப்பதால், புதியவர் வெகுநேரம் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்க நேரிடுகிறது. இறந்தால் வரங்கள் அனைத்தும் போய்விடும் என்பதும் பொறுமையற்றவர்களுக்கு ஒவ்வாது. தமிழில் வசனங்கள் இல்லை. ஆங்கிலம் வாசிக்கச் சலியாதவர்கள் தயங்காமல் வாங்கலாம். கணினியில் ஆடுவோர் விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு ஒரு கன்ட்ரோலரைச் சேர்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.