குய்லின் மலைகளை எப்படி ரசிப்பது?

முதுகில் பையோடு தென்சீனாவின் குய்லின் நகரில் வந்து இறங்குகிறவர்கள் உடனே மலைகளை அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு: முதலில் தண்ணீரைப் பாருங்கள். அந்த மலைகளைச் செதுக்கியது தண்ணீர்தான். அதன் வேலை கண்ணுக்குப் பிடிபட்டால் மலைகளும் தாமாகப் பிடிபடும்.

இந்த நிலம் ஒருகாலத்தில் கடலடி. டெவோனியன் காலத்தில், 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கடலுயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாயின. நிலம் உயர்ந்து பாறை வெளிப்பட்டதும் மழையின் முறை வந்தது. கரியமில வாயு கலந்த மழைநீர் மெல்லிய அமிலமாகிவிடும். அது பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கரைந்தது போக எஞ்சி நிற்பவையே இன்றைய குன்றுகள். தென்சீனச் சுண்ணாம்புக்கல் நிலப்பரப்பு என்ற உலகப் பாரம்பரியச் சின்னத்தில் 2014-ல் குய்லினும் சேர்க்கப்பட்டது.

இரண்டு வகை மலைகள்

எல்லாக் குன்றும் ஒன்றுபோலத் தோன்றினால் அடிவாரத்தைக் கவனியுங்கள். யாங்ஷுவோ ஊரைச் சுற்றிச் சமதளமான வயல்வெளியில் குன்றுகள் தனித்தனியாக நிற்கும். லீ ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு போகும் யாங்டி–ஷிங்பிங் பகுதியில் அடிவாரம் ஒட்டியிருக்க, உச்சிகள் மட்டும் பிரிந்து நெருக்கியடித்து நிற்கும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் பேருந்துப் பயணமும் அலுக்காது.

ஆற்றில்

குய்லினிலிருந்து யாங்ஷுவோவரை லீ ஆற்றின் நீளம் சுமார் 83 கிலோமீட்டர். பெரிய படகில் ஏறினால் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மலைகளின் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். முதல் வரிசை கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் பின்னால் சாம்பல், கடைசி வரிசை வானத்தோடு கரைந்திருக்கும். சீன ஓவியர்கள் மையில் நீரைக் கூட்டிக் குறைத்து இந்தத் தொலைவைத்தான் தீட்டினார்கள்.

லீ ஆற்றில் மூங்கில் தெப்பம் என்று ஏற்றுபவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களால் செய்த மோட்டார் படகுகள். கழியூன்றித் தள்ளும் மூங்கில் தெப்பம் வேண்டுமானால் யாங்ஷுவோ அருகே யூலாங் ஆற்றுக்குப் போங்கள். காற்று எழாத காலை நேரத்தில் மலையும் அதன் பிம்பமும் அடியோடு அடி பொருந்தி நிற்கும். கரையோரமாகச் சைக்கிள் மிதித்துப் போவது தெப்பத்தைவிடவும் சுகம்.

இருபது யுவான் நோட்டின் பின்புறத்தில் இருப்பது ஷிங்பிங் அருகேயுள்ள காட்சி. நோட்டை உயர்த்திப் படம் எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். கரையோரம் கொஞ்சம் நடங்கள். ஒவ்வொரு வளைவிலும் அதே மலைகள் வேறு வரிசையில் நிற்கும்.

மழை பெய்தால்

ஏப்ரல் முதல் ஜூன் வரை இங்கே நல்ல மழை. மழை வந்துவிட்டதே என்று அறைக்குள் உட்கார வேண்டாம். விட்டதும் வெளியே வாருங்கள். மலைகளின் இடுப்பில் மேகம் கட்டியிருக்கும், உச்சிகள் மட்டும் மிதக்கும். தெளிந்த வானமும் நடப்பதற்கு இதமான காற்றும் வேண்டுமென்றால் அக்டோபர் நல்லது.

மலைக்குள்ளே

நகரத்தில் யானைத் துதிக்கை மலையின் வளைவுக்கு எதிரே நின்று பாருங்கள். அந்தத் துவாரமும் நீரில் விழும் அதன் நிழலும் சேர்ந்து முழுநிலவாகும். அடுத்து நாணற்குழல் குகை. வண்ண விளக்குகளை மறந்துவிட்டு, ஏதாவது ஒரு கல்விழுதின் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு துளி தொங்கினால், வெளியே மலையைக் கரைத்த அதே நீர் உள்ளே கல்லை வளர்ப்பதைக் கண்டுவிட்டீர்கள். தாங் அரசமரபுக் காலத்திலேயே, 792-ல், இந்தக் குகைக்கு வந்தவர்கள் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

1637-ல் ஷூ ஷியாகே என்ற பயணி இங்கு வந்தார். குகை குகையாக நுழைந்து, பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். பையைச் சுமந்து திரிகிறவர்களுக்கு அவரே முன்னோடி.

சில யோசனைகள்

குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலையில் உள்ளூர்க்காரர்களோடு நின்று அரிசி நூடுல்ஸ் சாப்பிடுங்கள். வறுத்த வேர்க்கடலையும் ஊறுகாய் போட்ட காராமணிக்காயும் சேர்த்துப் பிசைந்து முதலில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியில் சூடான சாறு ஊற்றிக் குடிப்பது அவ்வூர் வழக்கம்.

காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் குய்லினின் படம் மட்டுமே கிடைக்கும். இந்த மலைகள் மணிக்கு மணி ஒளியோடும் நீரோடும் மாறுகிறவை. யாங்ஷுவோவிலோ ஷிங்பிங்கிலோ குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாக வெட்டிவிட்டு, ஒரே ஆற்றங்கரைக்கு இரண்டு முறை போங்கள்.