பாவை மெலிவதில்லை

நற்றிணையின் 201ஆம் பாடலில், தன்னைக் கண்டிக்கும் நண்பனுக்குப் பதில் சொல்லும் தலைவன் கொல்லிப்பாவையை உவமையாக்குகிறான். காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அந்தப் பாவை உருக்குலையாது. அதுபோல் அவளும் என் நெஞ்சைவிட்டு நீங்கமாட்டாள் என்கிறான். அழகான உவமைதான். ஆனால் மெலியாத பெண் அவன் நெஞ்சில் மட்டுமே இருக்கிறாள்.

அவன் பிரிந்துபோன பிறகு வீட்டில் இருக்கும் பெண்ணைப் பாலைப் பாடல்கள் வேறுவிதமாகப் பதிவு செய்கின்றன. வளை கழல்கிறது, நெற்றியில் பசலை படர்கிறது, தோள் மெலிகிறது, கண் உறங்க மறுக்கிறது. படர்மெலிந்திரங்கல், பசப்புறு பருவரல், உறுப்புநலன் அழிதல் என்று வள்ளுவர் இதற்குத் தனித்தனி அதிகாரங்களே வகுத்தார். ஓதல், பகை, தூது, பொருள் என ஆணின் பிரிவுக்கு இலக்கணம் காரணம் தருகிறது. அவன் நெஞ்சோடு வழக்காடுவதைக் கேட்கிறோம். வழியில் அவன் என்ன உண்டான், எங்கே படுத்தான் என்பதைப் பாடல்கள் அதிகம் சொல்வதில்லை. ஆக, அவனுக்குப் பிரிவு கடமை, அவளுக்கு நோய். மருந்தும் ஒன்றுதான்: அவன் திரும்பி வருவது. அதுவரை ஆற்றியிருப்பதை முல்லையின் ஒழுக்கமாக்கி, கற்பென்றும் பெயரிட்டோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து திண்ணனூர் நாட்டிலிருந்து கூலி வேலைக்கு இறங்குகிறவன் போவதும் பொருள்வயின் பிரிவுதான். மலையில் இருப்பவள் காத்திருப்பதை மட்டுமே செய்வதில்லை. மரவள்ளிக்குக் களையெடுக்கிறாள், மிளகு காயவைக்கிறாள், பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறாள். அவள் மெலிவதற்கு ஏக்கம் ஒரு காரணம் என்றால், இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்வது மற்றொரு காரணம். பசலை என்ற சொல் இந்த இரண்டாவது காரணத்தை மறைத்துவிடுகிறது. தகரக் கொட்டகையில் பத்துப்பேரோடு படுத்து, நேரம் தவறிச் சாப்பிடும் அவனுடைய உடம்புக்கோ சொல்லே இல்லை.

ஆனாலும் சங்கப் பாடலில் இன்றும் நமக்குத் தேவையான ஒருத்தி இருக்கிறாள்: தோழி. தலைவியின் உடம்பைப் பார்த்தே நோயறிந்து, ‘நீ போனால் இவள் தாங்கமாட்டாள்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறவள். இன்று செல்போனில் இருவரும் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். வளை கழன்றதைக் குரல் காட்டாது. பிரிவுப் பாடல்களை வகுப்பில் அழகுக்காக மட்டும் படிப்பதை நிறுத்தி, தோழி பார்த்ததுபோல் உடம்பைப் பார்க்கப் படிப்போம். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்க வருகிறவளிடம், வீட்டில் வேலையைப் பங்குபோட யார் இருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் கேட்கத் தோன்றும்.